என்ஜின் ஆட்டத்தில் ஆள் கை பட்டால் தெரிய ஓர் ஏற்பாடு

திருப்பூர், கோவை, ஈரோடு, பொள்ளாச்சி என்று நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து, இணையத்தில் இலவசமாகச் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் சின்னதாக ஒரு பாட் லீக் நடத்துகிறோம். பாட் என்றால் ஆளுக்குப் பதில் செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், ஆடும் கணக்கு. வேலை முடிந்து வீடு சேர்ந்த பிறகு, ராத்திரி பத்து மணிவாக்கில் அவரவர் கம்ப்யூட்டரில் என்ஜினை ஓடவிட்டு, ஒன்றோடொன்று மோதுவதை உட்கார்ந்து பார்ப்போம். பரிசுப் பணம் கிடையாது. கடைசி இடத்தில் நிற்பவர் எல்லாருக்கும் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கித் தர வேண்டும்.

இதில் போய் யாராவது ஏமாற்றுவார்களா என்று கேட்பீர்கள். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து யாரும் உட்காருவதில்லை. ஆனால் தன் என்ஜின் கண் முன்னால் சொதப்பும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். மவுஸ் பக்கத்திலேயே இருக்கிறது.

பிரச்சினை ஒரு யானை எண்ட்கேமில், அதாவது யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், ஆரம்பித்தது. பொள்ளாச்சி அண்ணனின் பாட் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தது. சிப்பாயைத் தள்ளினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று எங்களுக்கே தெரிந்த இடத்தில், வெகுநேரம் யோசித்துவிட்டு ராஜாவை ஒரு கட்டம் பின்னால் எடுத்தது. ஈரோட்டுத் தம்பி டோர்னமென்ட் ஆடுகிறவன். கிராண்ட்மாஸ்டர் இனியன் ஊர்க்காரன் என்ற பெருமை வேறு. உடனே வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான்: "ஏனுங்ணா, இது மெசின் போடற மூவ் மாதிரி தெரியலீங்களே." பொள்ளாச்சியிலிருந்து பதில் வந்தது: "நானு தோப்புல மோட்டாரு போட வந்துட்டேன். வூட்ல யாருமே இல்ல. மெசின்தான் போட்டுது." அதற்கப்புறம் ரெண்டு பேரும் குழுவில் பேசிக்கொள்ளவில்லை.

இந்த மாதிரி சந்தேகம் செஸ்ஸுக்குப் புதிதல்ல. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ கம்ப்யூட்டருடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் தோற்றபோது, இது இயந்திரம் யோசிக்கிற வகை இல்லை என்று உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்குத் தோன்றியது. இயந்திரம் எப்படி யோசித்தது என்று காட்டும் அச்சடித்த பதிவுகளைக் கேட்டார். ஐபிஎம் பின்னால் அந்தப் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டது. பேச்சு மட்டும் அடங்கவில்லை. அதே நிலையைக் கொடுத்து, அதே நகர்வு வருகிறதா என்று வெளியாள் யாரும் பார்க்க முடியாது என்பதுதான் அதில் சிக்கல். நூற்றுக்கணக்கான சிப்கள் சேர்ந்து தேடும் இயந்திரம் அது. திரும்ப ஓட்டினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. தவிர, அந்த இயந்திரம் யார் வீட்டிலும் இல்லை.

எங்கள் விஷயத்தில் என்ஜின் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால் யாரையும் குற்றம் சொல்லாமல், ஆட்டத்தையே திரும்ப ஓட்டிப் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று நான் வேலையில் இறங்கினேன். ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டில் எடையில் சந்தேகம் வந்தால் மூட்டையைத் திரும்பத் தராசில் ஏற்றுவது போல, யார் வேண்டுமானாலும் மறுஎடை போட வசதி இருந்தால் சண்டைக்கே வேலை இல்லை.

முதலில், கை எங்கே நுழைய முடியும் என்று பார்க்க வேண்டும். செஸ் என்ஜின்கள் பெரும்பாலும் யூசிஐ என்ற நெறிமுறையில் பேசுகின்றன. 2000-ஆம் ஆண்டு வந்தது. ஷ்ரெடர் என்ஜினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் ரூடால்ஃப் ஹூபரும் வகுத்தது. ஆட்டம் இதுவரை இப்படி வந்திருக்கிறது, யோசி என்று நாம் ஒரு வரி அனுப்ப, என்ஜின் யோசித்து 'பெஸ்ட்மூவ்' என்று ஒரு வரி திருப்பி அனுப்பும். அவ்வளவும் வெறும் எழுத்து. லிசெஸ்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அதற்கு லிசெஸ்-பாட் என்ற பைதான் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஆட்டமும் ஆடாத புதுக் கணக்கைத்தான் பாட் ஆக்க முடியும், ஆக்கினால் திரும்ப மனிதக் கணக்காக்க முடியாது என்பதெல்லாம் அங்கே விதி. ஆனால் அந்தத் தளத்துக்கு வந்து சேருவது முடிந்த நகர்வு மட்டும்தான். அதை என்ஜின் சொன்னதா, பாலத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னதா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. ஓட்டை இருப்பது பாலத்தில்.

ஆகவே பாலத்திலேயே நேரம் குறிக்க வைத்தேன். எதிராளியின் நகர்வு வந்த நேரம், என்ஜின் பதில் சொன்ன நேரம், அதைத் தளத்துக்கு அனுப்பிய நேரம் என்று மூன்று. ஒழுங்கான பாலத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இடைவெளியே தெரியாது. நடுவில் ஆள் புகுந்தால் வினாடிக் கணக்கில் விரியும். சில ராத்திரி ஓட்டிப் பார்த்ததில் அழகாக வேலை செய்தது. குழுவில் காட்டினேன். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒரே கேள்வி கேட்டார்: "ஏப்பா, அந்த ஃபைல நோட்பேடுல தெறந்து நேரத்த மாத்துனா?" பதிவு வைத்திருப்பவரே அதைத் திருத்தலாம் என்றால் அது பதிவே இல்லை. நேரக்குறிப்பு இன்றும் ஓடுகிறது. ஆனால் என் சௌகரியத்துக்கு, எங்கே என்ன பழுது என்று கண்டுபிடிக்க மட்டும்.

நகர்வே தன்னைத்தானே நிரூபிக்க வேண்டும் என்றால் ஒரே கேள்விக்கு என்ஜின் எப்போதும் ஒரே பதில் சொல்ல வேண்டும். சாதாரணமாக அது சொல்லாது, இரண்டு காரணங்களால். ஒன்று, ப்ராசஸரின் பல கோர்களில் ஒரே சமயத்தில் தேடும்போது எது முந்துகிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். முடிவும் அதோடு மாறும். இரண்டு, நேரத்தை வைத்து யோசிக்கும்போது அந்த வினாடியில் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைப் பொறுத்துத் தேடலின் ஆழம் மாறும்.

இந்த இரண்டாவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. திருப்பூரில் நிட்டிங் மெசின் பக்கத்தில் குடியிருந்தால் பஞ்சு எங்கேதான் போகாது! என் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ப்ராசஸர் ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மெத்தை போலப் பஞ்சு படிந்திருக்கும், கையால் பிடித்து இழுத்தால் அப்படியே தகடாக வரும். அது சேரச் சேர ப்ராசஸர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த மறுநாள் ஒரு நகர்வு, இரண்டு மாதம் கழித்து அதே நிலையில் வேறு நகர்வு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் கை வைத்தது போலத்தான் தெரியும்.

அதனால் நேரத்தைக் கட்டிப் போட்டுவிட்டு நோடுக் கணக்குக்கு வந்தேன். நோடு என்றால் தேடலில் என்ஜின் எட்டிப் பார்க்கும் ஒரு நிலை. ஒரே ஒரு த்ரெட் (அதாவது தேடலைப் பிரிக்காமல் ஒரே இழையில் ஓட்டுவது), ஒரு நகர்வுக்கு இத்தனை லட்சம் நோடு, நினைவகம் இத்தனை மெகாபைட் என்று மூன்றையும் நிலையாக வைத்தால், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே நகர்வைத்தான் சொல்லும். பஞ்சு அடைத்த கம்ப்யூட்டர் மெதுவாகச் சொல்லும், புதுக் கம்ப்யூட்டர் சட்டென்று சொல்லும். கேட்ட எண்ணில் துல்லியமாக நிற்காமல் சற்றுத் தாண்டி நிற்கும். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும்.

இதைச் செய்யும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். லிசெஸ்-பாட் அமைப்புக் கோப்பிலேயே நோடு வரம்பு எழுத இடம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதினால் நோடு வரம்போடு ஆட்டக் கடிகாரமும் சேர்ந்தே என்ஜினுக்குப் போகிறது. இரண்டும் போனால் ஸ்டாக்ஃபிஷ் எது முதலில் முடிகிறதோ அதில் நிறுத்திவிடும். கடிகாரம் முந்தினால் நோடுக் கணக்கு பாதியில் நிற்கும். மறு ஓட்டத்தில் பதில் மாறும். நான் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, பைதான்-செஸ் நூலகத்தை வைத்துச் சொந்தமாக ஒரு சின்னப் பாலம் எழுதினேன். அது என்ஜினுக்குக் கடிகாரத்தைக் காட்டுவதே இல்லை, நோடு எண்ணை மட்டும் கொடுக்கும். ஆட்டத்தைப் பதினைந்து நிமிடம், நகர்வுக்குப் பத்து வினாடி கூடுதல் என்று வைத்தோம். மெதுவான கம்ப்யூட்டருக்கும் ஒரு நகர்வு சில வினாடிதான் என்பதால் நேரத்தில் யாரும் தோற்பதில்லை.

என்ஜினும் ஒன்றேதானா என்று பார்க்க ஸ்டாக்ஃபிஷ்ஷில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. 'பென்ச்' என்று தட்டினால் உள்ளே வைத்திருக்கும் நிலைகளை வரிசையாகத் தேடிவிட்டு, மொத்தம் எத்தனை நோடு என்று கடைசியில் ஒரு எண்ணைக் காட்டும். அதே பதிப்பு என்றால் இன்டெல் ப்ராசஸரானாலும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரானாலும் அதே எண்தான் வர வேண்டும். 2020-இல் 12-ஆம் பதிப்பிலிருந்து நிலையை மதிப்பிட நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) வந்துவிட்டாலும் இது மாறவில்லை; அந்த வலையின் கணக்கு முழு எண்களில் நடப்பதுதான் காரணம். லீக் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் பென்ச் எண்ணைக் குழுவில் போட வேண்டும் என்று வைத்தோம். என்ஜினில் யாராவது உள்வேலை பார்த்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

லேத் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. புதிதாகப் பதினாறு த்ரெட் ப்ராசஸர் வாங்கியிருந்தார். "அப்பறம் இந்தக் காச எதுக்குங் நான் போட்டேன்?" என்றார். நியாயமான கேள்வி. ஒற்றை த்ரெட்டில் நோடை எண்ணிவிட்டால் விலை உயர்ந்த கம்ப்யூட்டருக்கு ஒரு மதிப்பும் இல்லை. யார் கம்ப்யூட்டர் பெரிது என்பதை அறிய இந்த லீக் தேவையில்லை, பில்லைக் காட்டினாலே போதும் என்பது என் கட்சி. அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அவர் ஆட்டிக்கொண்டிருந்தது ஸ்டாக்ஃபிஷ் 11, நரம்பு வலை வருவதற்கு முந்தைய கடைசிப் பதிப்பு. அதன் ஆட்டம்தான் அழகு என்று அடம்பிடித்து வைத்திருக்கிறார். அதற்குப் பதினாறு த்ரெட் எதற்கு?

நோடு எண்ணும் முறை என்ஜினுக்கு என்ஜின் வேறுபடும். ஈரோட்டுத் தம்பி தானே எழுதிய என்ஜினின் பத்து லட்சமும் ஸ்டாக்ஃபிஷ்ஷின் பத்து லட்சமும் சமம் இல்லை. ஆகவே பஞ்சு எடுத்துச் சுத்தம் செய்த என் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு என்ஜினையும் நாலு வினாடி ஓட்டி, அந்த நேரத்தில் அது எத்தனை நோடு பார்க்கிறதோ அதையே அதற்கான அளவாக எழுதிவிட்டோம்.

இவ்வளவும் ஆன பிறகு சோதனை நிரல். ஆட்டம் முடிந்ததும் லிசெஸ்ஸிலிருந்து ஆட்டக் கோப்பை இறக்கி, ஒவ்வொரு நகர்வையும் அந்தந்த என்ஜினிடம் திரும்பக் கேட்கும். ஒத்துப்போனால் ஒரு புள்ளி வைக்கும், இல்லாவிட்டால் எந்த நகர்வு என்று சொல்லி நிற்கும். முதல் ராத்திரிகளில் வரிசையாகப் புள்ளிகள். அப்புறம் ஒருநாள் தம்பியின் ஆட்டத்திலேயே முப்பதுக்கு மேல் ஒரு நகர்வில் நின்றது! பொள்ளாச்சி அண்ணன் விடுவாரா? "தம்பி, இப்பச் சொல்லுங்க, இது மெசின் போட்டதுங்களா?"

தம்பி கை வைக்கவில்லை என்பது கோப்பைப் பார்த்தபோது தெரிந்தது. அந்த நேரத்தில் அவன் வீதியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து, திரும்ப எழுந்து, பாலம் தானாகத் தளத்தோடு இணைந்து, ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறது. தளத்தில் பார்த்தால் கடிகாரம் கொஞ்சம் ஓடியதைத் தவிர வேறு தடயமே இல்லை. ஆனால் என்ஜின் ஓர் ஆட்டம் முழுக்கத் தான் பார்த்த நிலைகளை ஹேஷ் டேபிள் என்ற நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே வரும். அடுத்த நகர்வுக்கு அதைப் பயன்படுத்தும். கரண்ட் போனதும் அது காலி. காலி நினைவகத்தோடு யோசித்தால் வேறு நகர்வு வருவது இயல்பு. சோதனை நிரலுக்கோ நடுவில் கரண்ட் போனது தெரியாது.

எங்கே மறுதொடக்கம் ஆனது என்று பாலம் எழுதிவைக்கலாம். ஆனால் திரும்பவும் அது கையால் திருத்தக்கூடிய பதிவை நம்புவதில் போய் முடியும். அதனால் வேறு முடிவெடுத்தேன். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னாலும் 'புது ஆட்டம்' என்று என்ஜினுக்குச் சொல்லிவிடுவது. பழைய நினைவு எல்லாம் துடைத்துப் போகும். ஒவ்வொரு நகர்வும் தனித்தனிக் கேள்வியாகிவிடும். பைதான்-செஸ்ஸில் ஒவ்வொரு முறையும் ஆட்ட அடையாளத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், அதுவே அந்த வரியை அனுப்பிவிடும். இதனால் பலம் கொஞ்சம் குறையும். எல்லாருக்கும் குறைவதால் பரவாயில்லை. கரண்ட் போனாலும் வந்தாலும் பதில் ஒன்றுதான், அதோடு நாற்பதாவது நகர்வில் சந்தேகம் என்றால் முதலிலிருந்து ஓட்டாமல் அதை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கேயும் ஒரு சின்ன விஷயம். அந்த ஒரு நிலையை மட்டும் ஃபென் குறியீடாகக் கொடுத்துக் கேட்கக்கூடாது. பலகை இப்போது எப்படி இருக்கிறது, சிப்பாய் நகராமலும் வெட்டாமலும் எத்தனை நகர்வு போயிருக்கிறது என்பது ஃபென்னில் இருக்கும். இந்த நிலை முன்பே வந்திருக்கிறதா என்பது இருக்காது. அதே நிலை திரும்ப வந்தால் டிரா என்று என்ஜின் கணக்குப் போடுவதால், முந்தைய நகர்வுகள் முழுவதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பதில் ஒத்துப்போகும். தம்பி ஃபென் போட்டுப் பார்த்துவிட்டு லேத் அண்ணன் ஆட்டத்தில் ஒரு 'திருட்டு' கண்டுபிடித்தான். முழு நகர்வுகளையும் கொடுத்ததும் அது காணாமல் போனது.

சரி, நகர்வுகள் முடிந்தது. ஆனால் ஓர் ஆட்டத்தில் நகர்வு மட்டுமா இருக்கிறது? தோல்வியை ஒப்புக்கொள்வது, டிரா கேட்பது, டிரா கொடுப்பது எல்லாம் உண்டு. கை அதிகம் நுழைவது இங்கேதான், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

2003-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகக் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப் கதை இதற்குப் பொருத்தம். அந்தப் போட்டியில் ஒவ்வொரு என்ஜினுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து நகர்வுகளைத் தட்டுவார். ஜானி என்ற என்ஜின் ஷ்ரெடரிடம் தோற்கும் நிலையில் இருந்தது. திடீரென்று நிலை மூன்றாவது முறை திரும்ப வருகிறது என்று ஜானி திரையில் காட்டியது. கோரினால் டிரா. ஜானியின் ஆளோ, தோற்க வேண்டிய ஆட்டத்தை எதிராளி நிரலில் இருந்த பிழையால் டிரா ஆக்குவது முறையில்லை என்று கருதியோ என்னவோ, கோராமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஷ்ரெடர் ஜெயித்தது. அந்தப் புள்ளியால் ஃபிரிட்ஸோடு முதலிடத்தில் சமன் ஆகி, பிளேஆஃபில் வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. தன் என்ஜினுக்குக் கெடுதலாக ஒருவர் பெருந்தன்மை காட்டப்போய், பக்கத்து மேஜைக்காரரின் பட்டம் போயிற்று. கை வைப்பது என்றால் தனக்கு லாபம் தேடுவது மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் லேத் அண்ணனும் அந்த ரகம். குதிரை போய்விட்டால், "இதுக்கு மேல இழுக்கறது மரியாதை இல்லீங்" என்று ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிடுவார். ஆனால் தொடர்ந்து ஆடியிருந்தால், எதிராளி என்ஜின் சொதப்பி டிரா விட்டிருக்காது என்று யார் கண்டது? லீக் பட்டியலில் அது அரைப் புள்ளி வித்தியாசம். அதனால் பாலத்திலிருந்து அந்த வழியை எடுத்துவிட்டேன். மதிப்பீடு எவ்வளவு கீழே போனாலும் செக்மேட் வரை ஆட வேண்டும். டிரா கேட்பதும் இல்லை. வந்தால் ஏற்பதும் இல்லை. லிசெஸ்ஸில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆடுபவர் கோரினால்தான் டிரா. ஐந்து முறை வந்தால் தானாக முடியும். கோருவதா வேண்டாமா என்ற முடிவே ஆள் கையில் இருக்கக்கூடாது என்று, ஐந்து முறை வரும் வரை விட்டுவிடுகிறோம். சில ஆட்டங்கள் இழுக்கும். யாரும் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தூங்கப் போகலாம்.

ஓப்பனிங் புத்தகம், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் என்ஜின் யோசிக்காமல் ஆட முன்பே எழுதிவைத்த நகர்வுகளின் கோப்பு, இன்னொரு கதவு. இன்றைக்கு யாரோடு ஆட்டம் என்று பார்த்து, அந்த என்ஜினுக்கு ஒத்துவராத வரிசையைப் புத்தகத்தில் திணித்து வைப்பது பழைய வித்தை. தவறு என்று சொல்ல முடியாது. பெரிய போட்டிகளில் அதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு புத்தகத்தை மாற்றினால் அது வேறு விஷயம். ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் புத்தகக் கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண்ணை, ஆட்டத்துக்கு முன் குழுவில் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கோப்பையே போட வேண்டும். நடுவில் ஒரு நகர்வு மாறியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது. ஒரு நிலைக்குப் புத்தகத்தில் இரண்டு பதில் இருந்தால் எடை அதிகமானதையே எடுக்க வேண்டும், சீட்டுக் குலுக்கிப் போடக்கூடாது என்றும் சேர்த்தோம். குலுக்கினால் மறு ஓட்டத்தில் ஒத்துப்போகாது.

மிச்சம் இருந்தது பொள்ளாச்சி. அண்ணன் ஆட்டுவது லீலா என்ஜின், கிராஃபிக்ஸ் கார்டில். அதன் நரம்பு வலைக் கணக்கு தசம எண்களில் நடக்கிறது. கார்டுக்குக் கார்டு கடைசி இலக்கத்தில் சிறு வித்தியாசம் வரலாம். அந்தச் சிறு வித்தியாசம் போதும், நகர்வு மாற. என் மறுஎடை முறை அதில் செல்லாது. முதலில் சண்டைக்குக் காரணமான அந்த ராஜா பின்வாங்கல் இங்கேதான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஜெயிக்கிற ஆட்டம் என்று தெரிந்துவிட்டால் லீலா அவசரப்படாது. இந்த வழியிலும் வெற்றி, அந்த வழியிலும் வெற்றி என்று மதிப்பீடு ஒரே மாதிரி வருவதால் காயை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருப்பது அதன் பிரசித்தமான குணம். ஸ்டாக்ஃபிஷ் பார்த்தே பழகிய தம்பிக்கு அது ஆள் போட்டது போலத் தோன்றியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அந்த ஆட்டம் கடிகாரத்தில் ஆடியது, பல த்ரெட்டில் ஆடியது, திரும்ப ஓட்ட வழியே இல்லை. இதைக் குழுவில் எழுதினேன். தம்பி, "சரிங்ணா, அந்தாட்டம் அப்படியே கெடக்கட்டும்" என்றான். அவர்கள் பேச்சு வார்த்தை அன்றைக்குத் திரும்பியது.

லீலாவுக்கு வேறு வழி செய்தோம். 2010-இல் தொடங்கிய டிசெக் என்ற என்ஜின் போட்டி முதலிலிருந்தே செய்வதுதான் அது: என்ஜின்களை அவரவர் வீட்டில் வைக்காமல் நடத்துபவரின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவது. பொள்ளாச்சி அண்ணன் தன் கார்டைக் கொண்டுவந்து லேத் பட்டறை மாடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எதுவும் கிடையாது. ஒயர் வழியாக நெட், அவ்வளவுதான். நெட் வழியாக உள்ளே நுழைய ஒரே ஒரு எஸ்எஸ்எச் சாவி, பாஸ்வேர்டு மாதிரியான ஒரு கோப்பு. லீலா ஆடும் ராத்திரியில் அது எதிராளியிடம் இருக்கும். மறு ஓட்டம் போல உறுதியான ஏற்பாடு இல்லை இது. மாடிப்படி ஏறிப் பவர் பட்டனை அழுத்துவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நகர்வை மாற்ற முடியாது. பட்டறையில் பஞ்சுக்குப் பதில் இரும்புத் தூள் என்பதால் கேபினெட்டின் காற்றுத் துளைகளுக்கு நைலான் வலையைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறோம். அண்ணன் காந்தம் ஒன்றையும் வைத்துவிட்டார். ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் வேண்டாம் என்று எடுக்க வைத்தேன்.

இப்போது லீக் நாலு பேரோடு இந்த முறையில் ஓடுகிறது. இதெல்லாம் போட்ட பிறகு கை வைக்க ஆசைப்படுபவர்களுக்கு என்ன வழி என்று கேட்டது வேறு யாரும் இல்லை, பொள்ளாச்சி அண்ணனேதான்! என்ஜின் சொல்வதையும் தன் மூளையையும் சேர்த்து ஆடினால்தான் அவருக்கு ருசி. அதுவும் தனியாக ஒரு விளையாட்டுதான். 1998-இல் ஸ்பெயினின் லியோனில் காஸ்பரோவும் டோபலோவும் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். 2005-இல் இணையத்தில் நடந்த, என்ஜின் உதவியை அனுமதித்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தும், மூன்று சாதாரணக் கம்ப்யூட்டர்களை வைத்திருந்த இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள் ஜெயித்தார்கள். அதனால் சனிக்கிழமைகளைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். அன்றைக்குப் பாட் கணக்கு கிடையாது. லிசெஸ்ஸில் மனிதக் கணக்கில் என்ஜின் உதவி விதிமீறல் என்பதால் அந்தத் தளத்துக்கே போவதில்லை. வீடியோ காலில் ஒருவர் சொல்ல மற்றவர் பலகையில் நகர்த்துவது. யார் வேண்டுமானாலும் எத்தனை என்ஜின் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

சோதனை நிரலில் அடுத்து செய்ய வேண்டியது, தம்பியின் சொந்த என்ஜின். அவன் வாரம் ஒரு தடவை அதைத் திருத்துகிறான். ஆட்டம் ஆடிய பதிப்பு எது என்று பிறகு தேட வேண்டியிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே அந்த நாள் பதிப்பைக் குழுவில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். "இன்னொரு சின்னத் திருத்தம் மட்டும் போட்டுட்டு ஏத்திடறேனுங்ணா" என்கிறான். ஏற்றாதவரை அவன் பெயர் அட்டவணையில் ஏறாது.